17 போட்டேன், 8 காட்டுகிறது: ஒரே கணினியில் பல ஜேடிகே வைத்திருப்பவர்களுக்கு

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி போன மாதம் லெப்டொப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, மழையில் பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்தான். வீட்டில் அது ஒன்றுதான் கணினி. அவன் படிக்கிற டிப்ளோமாவுக்கு ஜாவா 8 வேண்டும். அக்கா கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள், அவளுக்கு ஜாவா 17. இவன் 8-ஐப் போட்ட அன்று அக்காவின் வேலை நின்றது. அக்கா 8-ஐத் தூக்கிவிட்டு 17-ஐத் திரும்பப் போட்டதும் இவனுடைய அசைன்மென்ட் நின்றது. இப்படி மூன்று தடவை அழித்து, மூன்று தடவை டவுன்லோட் செய்து, மாதத்து டேட்டாவைத் தீர்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். "சேர், ரெண்டும் ஒண்ணா இருக்கவே இருக்காதா?"

இருக்கும். இரண்டு என்ன, பத்து ஜேடிகே கூட ஒரே கணினியில் சண்டை போடாமல் இருக்கும். ஜேடிகே என்பது ஜாவாவில் ப்ரோகிராம் எழுதி ஓட்டுவதற்கான கருவிகள் இருக்கிற ஒரு போல்டர், அவ்வளவுதான். பக்கத்துப் போல்டரில் என்ன இருக்கிறது என்று அது எட்டிப் பார்ப்பதில்லை. "ஜாவா" என்று நாம் கூப்பிடும்போது எந்தப் போல்டர் பதில் சொல்கிறது என்று பார்க்காமல் விடுவதில்தான் தொல்லை தொடங்குகிறது. ஆகவே எந்த எரர் வந்தாலும் முதல் வேலையாக அன்இன்ஸ்டோல் செய்யாதீர்கள். ஒரு ஜேடிகேயைத் திரும்ப இறக்க 150 முதல் 200 எம்பி வரை போகும். சிக்னலுக்காக மேட்டு லயத்துக்கு ஏறி நிற்கிறவர்களுக்கு அது சின்னக் கணக்கு அல்ல.

ஒரு விஷயம். கட்டளைகளைப் போனில் சொல்லிக்கொடுப்பதுபோல உச்சரிப்பை வைத்துத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நான் ஒரு கோடு போட்டிருந்தால் ஒரு கோடு, இரண்டு போட்டிருந்தால் இரண்டு.

முதலில் இந்த நான்கையும் கேளுங்கள்

கமாண்ட் ப்ரொம்ட்டை, அதாவது கட்டளை தட்டுகிற கறுப்புத் திரையைப் புதிதாகத் திறந்து, ஒவ்வொன்றாக:

வேர் ஜாவா
ஜாவா -வேர்ஷன்
ஜாவாசி -வேர்ஷன்
எக்கோ %ஜாவா_ஹோம்%

முதலாவது, கணினியின் பாத்தில் (கட்டளைகளை எந்தெந்தப் போல்டரில் தேடுவது என்ற பட்டியலில்) இருக்கிற ஜாவா எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். தமிழில் எழுதினால் அது "வேர்" என்று வருவதும் பொருத்தம்தான், பிரச்சினையின் வேர் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது எதுவோ அதுதான் ஓடும். இரண்டாவது, ஓட்டுகிற ஜாவாவின் பதிப்பு. மூன்றாவது, கம்பைல் செய்கிற, அதாவது நீங்கள் எழுதியதை ஓட்டக்கூடிய ஃபைலாக மாற்றுகிற ஜாவாசியின் பதிப்பு. நான்காவது, ப்ரொஜெக்டைக் கட்டித் தருகிற மேவன், கிரேடில் போன்ற கருவிகள் தேடிப் போகும் முகவரி.

பவர்ஷெல்லில் இதைத் தட்டினால் "வேர் ஜாவா" ஒன்றுமே சொல்லாது. அங்கே அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது. "வேர்.எக்ஸி ஜாவா" என்று முழுதாகத் தட்டுங்கள். ஜாவாவே இல்லை என்று முடிவு கட்டித் திரும்ப டவுன்லோட் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு சின்னக் குழப்பம்: பதிப்பு 1.8.0 என்று வந்தால் அது ஜாவா 8. ஜாவா 9 வந்தபோதுதான் முன்னால் இருந்த அந்த ஒன்றை எடுத்தார்கள். 17 என்றால் 17.0 என்றே வரும்.

"17 போட்டேன், ஆனால் இன்னும் 8 என்கிறது"

அதிகம் கேட்கிற முறைப்பாடு இதுதான். காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: பாத்தின் வரிசை.

தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கங்காணி "லெட்சுமி" என்று கூப்பிடுகிறார். தோட்டத்தில் லெட்சுமி மூன்று பேர். முன்வரிசையில் நிற்கிற லெட்சுமிதான் "ஐயா" என்பாள். பின்னால் நிற்கிற இரண்டு பேரும் வேலைக்கு வராதவர்கள் அல்ல, கூப்பிட்டது அவர்கள் வரைக்கும் போகவில்லை. பாத்தும் அப்படித்தான். வின்டோஸ் முதல் போல்டரிலிருந்து தேடிக்கொண்டு வரும், ஜாவா என்ற பெயரில் ஒன்று கிடைத்ததும் அங்கேயே நின்றுவிடும்.

"வேர் ஜாவா" பட்டியலின் தலையில் "கொமன் ஃபைல்ஸ்\ஒரகிள்\ஜாவா\ஜாவாபாத்" என்று முடிகிற வரி இருக்கிறதா? ஒரகிளின் நிறுவி தானாகப் பாத்தின் முன்னால் கொண்டுவந்து வைக்கும் போல்டர் அது. நீங்கள் 17-ஐ ஜிப்பாகப் பிரித்து வைத்து, அதற்குள் "பின்" என்ற பெயரில் இருக்கிற, ஜாவா, ஜாவாசி கிடக்கிற போல்டரைப் பாத்தின் கடைசியில் சேர்த்திருந்தால், ஜாவாபாத்தைத் தாண்டி அது ஒருநாளும் வராது. "சிஸ்டம்32" போல்டரிலிருந்து ஜாவா வருகிறது என்றால், மிகப் பழைய நிறுவி ஒன்று கொப்பி பண்ணி வைத்துவிட்டுப் போன எச்சம்.

இனி, பலர் இடறுகிற இடம். வின்டோஸில் பாத் இரண்டு இருக்கின்றன. அவற்றை மாற்றுகிற ஜன்னலில், மேல் பெட்டியில் உங்கள் யூசருக்கானது, கீழ்ப் பெட்டியில் சிஸ்டத்துக்கானது. இரண்டையும் ஒட்டும்போது சிஸ்டம் பாத் முன்னால், யூசர் பாத் பின்னால். ஆகவே யூசர் பாத்தில் 17-ஐ முதல் வரியாகப் போட்டாலும், சிஸ்டம் பாத்தில் 8 இருந்தால் 8-தான் முந்தும். "மேலேதானே சேர் போட்டேன்" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. மேல் பெட்டியில்தான் போட்டிருப்பார்கள்.

செய்ய வேண்டியது: ஸ்டார்ட் மெனுவில் "என்விரோன்மன்ட்" என்று தட்டினால் சிஸ்டம் வேரியபிள்களை மாற்றும் இடம் வரும். கீழ்ப் பெட்டியில், அதாவது சிஸ்டம் பகுதியில், ஜாவா_ஹோம் என்று ஒன்றை உருவாக்கி 17-இன் போல்டரைக் கொடுங்கள். அதே பகுதியில் பாத்தைத் திறந்து, %ஜாவா_ஹோம்%\பின் என்று ஒரு வரி சேர்த்து, "மூவ் அப்" பொத்தானை அது உச்சிக்குப் போகும்வரை அழுத்துங்கள். இரண்டும் சிஸ்டம் பகுதியிலேயே இருக்கட்டும். ஜாவா_ஹோமை யூசர் பகுதியில் வைத்துவிட்டு சிஸ்டம் பாத்திலிருந்து அதைக் கூப்பிட்டால் சரியாக விரியாது. ஜாவாபாத்தை அழிக்க வேண்டியதில்லை, பின்வரிசைக்குத் தள்ளினால் போதும்.

"கம்பைல் ஆகிறது, ஓட்டினால் விழுகிறது"

திரையில் "அன்சப்போர்ட்டட் கிளாஸ் வேர்ஷன் எரர்" என்று வரும். கூடவே 61.0, 52.0 என்று இரண்டு எண்கள். பயப்பட வேண்டாம், இந்த எரர் உண்மையில் நேர்மையானது. என்ன நடந்தது என்று எண்ணோடு சொல்லிவிடுகிறது.

அந்த எண்ணிலிருந்து 44-ஐக் கழியுங்கள். 61 என்றால் 17, 52 என்றால் 8, 55 என்றால் 11, 65 என்றால் 21. ஆக, ஜாவா 17 கம்பைல் செய்த ஃபைலை ஜாவா 8 ஓட்டப் பார்த்திருக்கிறது. புதியது பழையதை வாசிக்கும், பழையது புதியதை வாசிக்காது.

இது எப்படி வரும்? நான்கு கேள்வியில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் வேறு வேறு பதில் வந்திருக்கும். ஜாவா 8 காலத்து ஜாவாபாத் போல்டரில் ஜாவா உண்டு, ஜாவாசி கிடையாது. அதனால் ஓட்டுவது 8, கம்பைல் செய்வது வரிசையில் பின்னால் நிற்கிற 17. ஒருத்தி கொழுந்து பறிக்க, வேறொருத்தி பெயரில் றாத்தல் விழுவதுபோல.

பாத்தைச் சரி செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் உங்கள் ப்ரோகிராம் ஜாவா 8 மட்டும் இருக்கிற வேறொரு கணினியில் ஓட வேண்டுமென்றால், உதாரணமாக விரிவுரையாளரின் கணினியில், பாத்தை மாற்றுவது உதவாது. 17-ஐ வைத்தே 8-க்காகக் கம்பைல் செய்யலாம்:

ஜாவாசி --ரிலீஸ் 8 மெயின்.ஜாவா

பழைய குறிப்புகளில் "-சோர்ஸ் 8 -டார்கெட் 8" என்று இருக்கும். அதை விட்டுவிடுங்கள். அது மொழியின் இலக்கணத்தையும் கிளாஸ் ஃபைலின் எண்ணையும் மட்டுமே 8-க்குக் கட்டுப்படுத்தும். லைப்ரரியில் 8-க்குப் பிறகு வந்த மெத்தட்டை நீங்கள் பயன்படுத்தியிருந்தால் கண்டுகொள்ளாது. ஸ்ட்ரிங்கில் இருக்கிற "இஸ்பிளாங்க்" ஜாவா 11-இல்தான் வந்தது. சோர்ஸ், டார்கெட் போட்டால் அது கம்பைல் ஆகிவிடும், ஓடும்போது "நோ சச் மெத்தட் எரர்" என்று விழும். "--ரிலீஸ்" போட்டால் கம்பைல் செய்யும்போதே பிடித்துக் கொடுத்துவிடும். வீட்டில் வைத்துத் திட்டு வாங்குவது மேல், வைவாவில் வாங்குவதைவிட. 21-ஐ வைத்து இதைச் செய்தால் 8 பழசாகிவிட்டது என்று ஒரு எச்சரிக்கை வரும். எச்சரிக்கைதான், எரர் அல்ல.

"ஜாவா சரியாகச் சொல்கிறது, மேவன் மட்டும் வேறு கதை சொல்கிறது"

மேவன் பாத்தைப் பார்ப்பதற்கு முன் ஜாவா_ஹோமைப் பார்க்கும். பாத்தில் 17-ஐ முன்னால் வைத்துவிட்டு ஜாவா_ஹோமை 8-இலேயே விட்டிருந்தால், "ஜாவா -வேர்ஷன்" 17 என்னும், "எம்விஎன் -வேர்ஷன்" 8 என்னும். இரண்டும் உண்மை. பாத்தில் நேரடியாகப் போல்டரைப் போடாமல் %ஜாவா_ஹோம்%\பின் என்று போடச் சொன்னது இதற்காகத்தான். ஒன்றை மாற்றினால் மற்றதும் கூடவே மாறும்.

ஜாவா_ஹோம் சரியில்லை, தவறான டைரக்டரி என்று எரர் வந்தால் இவற்றைப் பாருங்கள்.

கடைசியில் "\பின்" சேர்த்திருக்கிறீர்களா? சேர்க்கக் கூடாது. தோட்டத்துக்கு வருகிற கடிதத்தில் லய இலக்கம் வரைக்கும் எழுதினால் போதும், எந்தக் காம்பரா என்று வருகிறவரே விசாரித்துக்கொள்வார். ஜாவா_ஹோம் ஜேடிகே போல்டரோடு நிற்க வேண்டும், அதற்குள் பின் எங்கே என்பது மேவனுக்குத் தெரியும்.

வேரியபிள் பெட்டியில் மேற்கோள் குறி போட்டிருக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள். பாதையில் இடைவெளி இருந்தாலும் அங்கே மேற்கோள் குறி வேண்டாம்.

அந்தப் போல்டர் இப்போதும் இருக்கிறதா? இதுதான் தந்திரமான கேஸ். எக்லிப்ஸ் டெமுரின் போன்ற ஜேடிகேக்களின் போல்டர் பெயரிலேயே முழுப் பதிப்பு எண்ணும் இருக்கும், 17.0 இத்தனை என்று. அப்டேட் செய்தால் பழைய போல்டர் போய்ப் புதிய பெயரில் இன்னொன்று வரும். ஜாவா_ஹோம் இடிந்துபோன பழைய லயத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். நேற்றுவரை வேலை செய்தது, ஒன்றுமே தொடவில்லை என்று சொல்பவர்களின் கணினியில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரு நிரந்தர ஏற்பாடு உண்டு. "சி:\ஜாவா" என்று ஒரு போல்டர் உண்டாக்கி, அதற்குள் "ஜேடிகே8", "ஜேடிகே17" என்று மாறாத பெயர்களை வையுங்கள். உண்மையான போல்டர் எங்கிருந்தாலும் இந்தப் பெயர் அதைச் சுட்டும்படி செய்யலாம்:

எம்கேலிங்க் /ஜே சி:\ஜாவா\ஜேடிகே17 "உண்மையான போல்டரின் முழுப் பாதை"

இது கமாண்ட் ப்ரொம்ட்டில் மட்டும் வேலை செய்யும், பவர்ஷெல்லில் செய்யாது. அப்டேட் வந்தால் சுட்டியை அழித்து மீண்டும் போடுங்கள். மற்ற எந்த இடத்தையும் தொட வேண்டாம்.

"கிரேடில் புரியாத ஒரு எண்ணைச் சொல்லி நின்றுவிட்டது"

அன்ட்ரொயிட் அப் செய்பவர்கள் இங்கே நிதானமாக வாசிக்கவும். கிரேடிலில் இரண்டு எதிரெதிரான எரர்கள் உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் நோய் கூடுகிறது.

ஒன்று, "அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வேர்ஷன் 65". மேலே பார்த்த எண் கணக்கேதான், 65 என்றால் 21. ஆனால் இங்கே குற்றவாளி உங்கள் ப்ரோகிராம் அல்ல. கிரேடில் பழையது, அதைப் புதிய ஜாவாவில் ஓட்டியிருக்கிறீர்கள். ஜாவா 17-இல் ஓட கிரேடில் 7.3 ஆவது வேண்டும், ஜாவா 21-இல் ஓட 8.5 ஆவது வேண்டும். யாரோ தந்த பழைய ப்ரொஜெக்டைத் திறக்கும்போது இது வரும். ஜாவாவைக் குறையுங்கள், அல்லது கிரேடிலைக் கூட்டுங்கள். டேட்டா குறைவென்றால் ஜாவாவைக் குறைப்பதே லாபம். கிரேடிலைக் கூட்டத்தான் வேண்டுமென்றால், ரெப்பர் ப்ரொபர்ட்டீஸ் ஃபைலில் இருக்கும் முகவரி "-ஆல்" என்று முடிகிறதா பாருங்கள். அதை "-பின்" என்று மாற்றினால் சோர்ஸும் ஆவணங்களும் இல்லாத சின்னப் பொதி மட்டும் இறங்கும்.

மற்றது, அன்ட்ரொயிட் கிரேடில் ப்ளகினுக்கு ஜாவா 17 வேண்டும், நீங்கள் 11-இல் இருக்கிறீர்கள் என்று சொல்வது. ப்ளகின் 8.0-இலிருந்து 17 கட்டாயம். இங்கே ஜாவாவைக் கூட்ட வேண்டும். அன்ட்ரொயிட் ஸ்டூடியோ ஜாவா_ஹோமை மட்டும் நம்பி ஓடுவதில்லை. செட்டிங்ஸில் பில்ட் டூல்ஸ், அதற்குள் கிரேடில், அதற்குள் "கிரேடில் ஜேடிகே" என்று தனியாக ஒரு தெரிவு இருக்கிறது. ஸ்டூடியோவோடு கூடவே வருகிற ஜேடிகேயும் அந்தப் பட்டியலில் இருக்கும். அதைத் தெரிவு செய்தாலே பலருக்கு வேலை முடிந்துவிடும், தனியாக எதையும் இறக்கத் தேவையில்லை.

கமாண்ட் ப்ரொம்ட்டிலிருந்து ஓட்டும்போது கிரேடில் முதலில் "கிரேடில்.ப்ரொபர்ட்டீஸ்" ஃபைலில் "ஓஆர்ஜி.கிரேடில்.ஜாவா.ஹோம்" இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ஜாவா_ஹோமை நீங்கள் என்னதான் மாற்றினாலும் அசையாது. வேறொருவர் தன் கணினியின் பாதையை அதில் எழுதி, ப்ரொஜெக்டோடு அனுப்பியிருப்பார். அந்த ஃபைலில் பாதை எழுதும்போது சாய்கோட்டை இரண்டிரண்டாகப் போடுங்கள், அல்லது முன்னோக்கிய கோட்டைப் பாவியுங்கள். ஒற்றைப் பின்சாய்கோட்டை அது விழுங்கிவிடும்.

அப்புறம், லெப்டொப் சூடாகி, மௌஸ் கூட நகராமல் நின்றால்? கிரேடில் பின்னணியில் டீமன் என்ற துணை ப்ரோகிராம் ஒன்றை ஓட விட்டு வைத்திருக்கும். ஜாவாவை மாற்றும் ஒவ்வொரு தடவையும் பழைய டீமன் பொருந்தாமல் புதியது ஒன்று எழும்பும். பழையது உடனே போகாது, சும்மா இருந்தாலும் மூன்று மணித்தியாலம் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான்கு ஜிபி ரேமில் மூன்று டீமன் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

கிரேடில்டபிள்யூ --ஸ்டொப்

ஜாவாவை மாற்றும் முன் இதைத் தட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சில ப்ரொஜெக்ட்கள் டூல்செயின் என்ற ஏற்பாட்டில் தமக்கு வேண்டிய ஜேடிகேயைத் தாமே இறக்கிக்கொள்ளவும் பார்க்கும். நல்ல வசதிதான், டேட்டா இருப்பவர்களுக்கு. வேண்டாமென்றால் "ஓஆர்ஜி.கிரேடில்.ஜாவா.இன்ஸ்டலேஷன்ஸ்.ஓட்டோ-டவுன்லோட்=ஃபோல்ஸ்" என்று ப்ரொபர்ட்டீஸில் எழுதிவிடுங்கள்.

"எல்லாம் மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை"

ஏற்கனவே திறந்திருந்த கறுப்புத் திரையில்தானே பார்க்கிறீர்கள்? மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். ஒரு ஜன்னல் திறக்கும்போது இருந்த மதிப்புகளே கடைசிவரை அதில் இருக்கும். ப்ரோகிராம் எழுதுகிற எடிட்டரான விஎஸ் கோடுக்குள் இருக்கிற டெர்மினலை, அதாவது அதன் கட்டளைத் திரையைப் புதிதாகத் திறந்தாலும் போதாது, அது விஎஸ் கோடிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. விஎஸ் கோடையே முழுதாக மூடித் திறக்க வேண்டும்.

"பாத்தை மாற்றினேன், இப்போது கணினியில் எதுவுமே இல்லை என்கிறது"

நில்லுங்கள். எந்த ஜன்னலையும் மூடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்.

"செட்எக்ஸ் பாத்" என்று தொடங்குகிற ஒரு வரியை எங்கோ பார்த்து ஒட்டியிருப்பீர்கள். செட்எக்ஸ் 1024 எழுத்துக்கு மேல் வெட்டிவிடும். நீண்ட பாத் இருந்தால் அதன் பின்பகுதி முழுக்கப் போயிருக்கும். போதாக்குறைக்குச் சிஸ்டம் பாத்தையும் யூசர் பாத்தையும் ஒன்றாகக் கலந்து யூசர் பாத்தில் கொட்டியிருக்கும்.

ஆனால் போன பந்தியில் தொல்லையாக இருந்த விஷயம் இங்கே கைகொடுக்கும். செட்எக்ஸ் ஓடுவதற்கு முன் திறந்த கமாண்ட் ப்ரொம்ட் ஏதாவது இன்னும் திறந்திருந்தால், ஏன், செட்எக்ஸை ஓட்டிய அதே ஜன்னலே திறந்திருந்தால்கூட, அதில் பழைய பாத் உயிரோடு இருக்கிறது. "எக்கோ %பாத்%" தட்டி, வருவதை நோட்பேடில் ஒட்டிச் சேமியுங்கள். பிறகு வேரியபிள் பெட்டியைத் திறந்து, உங்கள் யூசர் பெயர் உள்ள வரிகளை மேலேயும் மற்றவற்றைக் கீழேயும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். அரை மணித்தியாலம் போகும், வின்டோஸைத் திரும்பப் போடுவதைவிடக் குறைவுதான். இனி பாத்துக்குச் செட்எக்ஸ் வேண்டவே வேண்டாம்.

"டெர்மினலில் ஓடுகிறது, விஎஸ் கோடில் முழுக்கச் சிவப்புக் கோடு"

விஎஸ் கோடின் ஜாவா எக்ஸ்டென்ஷனே ஜாவாவில் எழுதப்பட்டது. தான் ஓடுவதற்கு அதற்குப் புதிய ஜாவா ஒன்று வேண்டும். உங்கள் ப்ரொஜெக்டுக்கு வேண்டியது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து எக்ஸ்டென்ஷனுக்கே 8-ஐக் கொடுத்தால் அது எழும்பாது. செட்டிங்ஸில் "ஜாவா.கொன்ஃபிகரேஷன்.ரன்டைம்ஸ்" என்ற இடத்தில் ப்ரொஜெக்டுக்கான ஜேடிகேக்களைப் பட்டியலிடலாம். அங்கே 8-இன் பெயர் "ஜாவாஎஸ்இ-1.8", 17-இன் பெயர் "ஜாவாஎஸ்இ-17". "ஜாவாஎஸ்இ-8" என்று எழுதினால் கணக்கில் எடுக்காது.

"8-இல் சரியாக இருந்தது, 17-இல் பெக்கேஜே இல்லை என்கிறது"

இது பாத் பிரச்சினை அல்ல, உண்மையாகவே இல்லை. ஜாவா 8 வந்தது 2014-இல். 2018-இல் 11 வந்தபோது "ஜாவாஎக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட்" போன்ற சில பெக்கேஜ்களை ஜேடிகேயிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாடத்துக்கு 8 என்றால் 8-இலேயே செய்யுங்கள். 17-இல்தான் வேண்டுமென்றால் அதே பெக்கேஜைத் தனி லைப்ரரியாகச் சேர்க்க வேண்டும். "இன்எக்ஸஸிபிள் ஒப்ஜெக்ட் எக்ஸெப்ஷன்" என்று வந்தால் பழைய லைப்ரரி ஒன்று ஜேடிகேயின் உள்ளறைக்குள் கையை நுழைக்கப் பார்க்கிறது, 16-இலிருந்து அந்தக் கதவு பூட்டு. லைப்ரரியைப் புதுப்பியுங்கள்.

"ஹீப்புக்கு இடம் ஒதுக்க முடியவில்லை"

ஹீப் என்பது ஜாவா ஓடும்போது ரேமில் பிடிக்கிற இடம். ரேம் இருக்கிறது, ஆனாலும் இப்படி வந்தால், "ஜாவா -வேர்ஷன்" பதிலின் கடைசி வரியில் "64-பிட்" என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 32-பிட் ஜாவா முன்வரிசையில் நிற்கிறது. "ப்ரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86)" போல்டருக்குள் இருந்து வந்திருக்கும். வரிசையில் பின்னால் தள்ளுங்கள்.

"பென் டிரைவில் தந்த ஜிப்பைப் பிரித்தேன், ஓடவில்லை"

எங்கள் பக்கத்தில் ஒருவர் டவுன்லோட் செய்தால் பத்துப் பேருக்குப் போகும். டெமுரின் போன்ற ஓப்பன் ஜேடிகே கட்டுகளைத் தாராளமாகக் கொப்பி பண்ணிக் கொடுக்கலாம், உரிமம் இடம் தருகிறது. நானும் நிறுவியைவிட ஜிப்பையே சொல்வேன். அது பாத்தைத் தொடாது, பிரித்த இடத்தில் பேசாமல் கிடக்கும். பல ஜேடிகே வைத்திருப்பவருக்கு வேண்டியது அதுதான்.

பிரித்த பிறகு போல்டருக்குள் போல்டராக இரண்டு அடுக்கு வந்திருக்கும். "பின்" என்பது எந்த அடுக்கில் நேரே தெரிகிறதோ அதுதான் ஜேடிகே போல்டர். பிரிக்கும்போதே எரர் வந்தால், மழையில் சிக்னல் விட்டு விட்டு இறங்கிய ஃபைல் பழுதாகியிருக்கும். "சேர்ட்யூட்டில் -ஹாஷ்ஃபைல்" என்று தட்டி, ஃபைலின் பெயரையும் "ஷா256" என்பதையும் கொடுத்தால் நீளமான ஒரு எண் வரும். டவுன்லோட் பக்கத்தில் தந்திருக்கும் எண்ணோடு முதல் எட்டையும் கடைசி எட்டையும் ஒப்பிட்டாலே பழுது தெரிந்துவிடும். பத்துப் பேருக்குக் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

உபுண்டுக்காரர்களுக்கு

"அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --கொன்ஃபிக் ஜாவா" என்று மாற்றினால் ஜாவா மட்டும்தான் மாறும். ஜாவாசிக்கு அதையே தனியாக இன்னொரு தடவை செய்ய வேண்டும். ஜாவா_ஹோம் அப்போதும் மாறாது. அலுப்பாக இருந்தால், பதிப்புகளை மாற்றித் தருகிற எஸ்டிகேமேன் என்ற கருவியைப் போட்டுக்கொள்ளுங்கள், மூன்றையும் அது சேர்த்துக் கவனிக்கும்.

அக்காவும் தம்பியும் ஒரு லெப்டொப்பும்

அந்தத் தம்பியின் லெப்டொப்பில் பாத்தை எந்தப் பக்கம் மாற்றினாலும் ஒருவருக்கு நட்டம். ஆகவே சிஸ்டத்தில் அக்காவின் 17-ஐ விட்டுவிட்டு, டெஸ்க்டொப்பில் "ஜே8.பேட்" என்று ஒரு ஃபைல் எழுதினோம்:

@எக்கோ ஒஃப்
செட் "ஜாவா_ஹோம்=சி:\ஜாவா\ஜேடிகே8"
செட் "பாத்=%ஜாவா_ஹோம்%\பின்;%பாத்%"
சிஎம்டி /கே

அதை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு கறுப்புத் திரை வரும். அந்தத் திரைக்குள் மட்டும் ஜாவா 8. மூடினால் ஒரு தடயமும் இல்லை, அக்காவின் பக்கம் காற்றுக்கூட அசையாது. விஎஸ் கோடுக்கும் 8 வேண்டுமென்றால், முதலில் அதை மூடிவிட்டு அந்தத் திரையிலிருந்தே "கோட் ." என்று திறக்க வேண்டும். நிறுவி எதுவும் வேண்டாம், அட்மின் அனுமதி வேண்டாம், ஒரு எம்பி கூடச் செலவில்லை. பதிப்புகளை மாற்ற அழகான கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. இருந்தாலும் வின்டோஸில் இரண்டு மூன்று ஜேடிகே மட்டும் வைத்திருப்பவருக்கு நான் இந்த நான்கு வரியைத்தான் சொல்வேன்.

இரண்டு கிழமை கழித்துப் போன் வந்தது. 21-க்கும் தானே ஒன்று எழுதினானாம், திறந்தால் 17 என்றே காட்டுகிறதாம். செட் வரியை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னேன். "ஜாவா_ஹோம், ஸ்பேஸ், ஈக்குவல், ஸ்பேஸ்…" என்றான். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று சமன் குறிக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டிருக்கிறான். பேட் ஃபைலில் அந்த இடைவெளியும் பெயரில் சேர்ந்துவிடும். கடைசியில் ஒரு இடைவெளி உள்ள வேறொரு ஜாவா_ஹோம் பிறந்திருந்தது, அதை யாரும் கூப்பிடவில்லை. இடைவெளியை எடுத்துவிட்டு, போனை வைக்காமலேயே மறுபடி ஓட்டினான். "21 சேர்."